மண்ணில் உறங்குவோர்
விவிலியத்தில் உயிர்த்தெழுதற் கொள்கை வளர்ந்த வரலாறு

விவிலியம் என்பது ஒருவர் ஒரு காலத்தில் இயற்றிய தனி நூலன்று. பல நூற்றாண்டுகளில், பல ஊர்களில், எபிரேயம், அரமேயம், கிரேக்கம் ஆகிய மொழிகளில் எழுந்த நூல்களின் தொகுதியே அது. இதனை மறந்தமையால், இறந்தார் நிலைபற்றி அது முதலிலிருந்து முடிவுவரை ஒரே கருத்தைக் கூறுகின்றதெனப் பலரும் கொள்வாராயினர். நல்லார் உயிர் உடலை நீத்தவுடன் வானுலகு எய்தும், தீயார் உயிர் நரகு புகும் என்பதே கிறித்துவ மறையின் கொள்கை என்று அச்சமயத்தாரிலேயே பலர் எண்ணுகின்றனர். பழைய ஏற்பாட்டின் பெரும்பகுதியில் அத்தகைய செய்தி இல்லை. புதிய ஏற்பாட்டிலோ, உயிர் உடலினின்றும் விடுபடுதலைக் காட்டிலும் மாண்ட உடல் எழுதலே முதன்மையாகப் பேசப்படுகின்றது. இவ்விரண்டிற்கும் இடையே நிகழ்ந்தது யாது? ஆன்மாவின் இயல்பை ஆராய்ந்த தத்துவ அறிஞர் எவரும் இம்மாற்றத்தைச் செய்தாரல்லர். அறம் காத்தவன் அறம் காத்தமையாலேயே கொலையுண்டபோது எழுந்த கேள்வியே அதனைச் செய்தது.

எபிரேயர் இறந்தோர் உறையும் இடத்தைச் 'சேயோல்' என்றனர். எபிரேய மறையில் இச்சொல் ஏறத்தாழ 65 இடங்களில் வருகின்றது. அது மண்ணின்கீழ் ஆழத்தில் உள்ளது. இருளும் புழுதியும் அமைதியும் நிறைந்தது. அங்கே பரிசும் இல்லை, ஒறுப்பும் இல்லை. தம் மகன் யோசேப்பைக் கொடுவிலங்கு தின்றதென நம்பிய யாக்கோபு, துயரோடு சேயோலுக்கே இறங்குவேன் என்று புலம்புகின்றார். அவரோ குலமுதல்வர், இறையருள் பெற்றவர். யோபு நூலின் 3 ஆம் அதிகாரம், சிறியோரும் பெரியோரும், அடிமையும் அவன் தலைவனும் ஒருங்கே ஓய்வுறும் இடமாக இறந்தார் உலகைக் காட்டுகின்றது. திருப்பாடல்களில், நோயுற்றவர் தம்மைச் சாகவிடலாகாது என இறைவனிடம் மன்றாடுமிடத்துக் கூறும் காரணம் ஒன்று கருதத்தக்கது. மாண்டவர் இறைவனைப் புகழ்தல் இயலாது. ஆகவே அடியான் ஒருவன் மாண்டால் இறைவனுக்குப் புகழ் பாடும் நாவொன்று குறையும் என்பதே அவர்தம் வாதம். எசேக்கியா மன்னன் நோய் நீங்கியபின் பாடியதாக ஏசாயா நூலின் 38 ஆம் அதிகாரத்தில் வரும் பாடலும் இவ்வாறே வாதாடுகின்றது. இறந்தபின் இறைவனோடு இன்புற்றிருப்போம் என்னும் நம்பிக்கை உடையார் இங்ஙனம் வாதாடார்.

சவுல் மன்னன் கதை இதனை இன்னும் தெளிவாக்கும். பெலிஸ்தியர் படை எதிரே நிற்கின்றது. இறைவனிடமிருந்து யாதொரு மறுமொழியும் இல்லை. சவுல் மாறுவேடம் பூண்டு, இரவில், எந்தோர் என்னும் ஊரிலிருந்த குறிசொல்லும் பெண்ணொருத்தியை நாடிச் செல்கின்றான். அத்தகையோரை நாட்டினின்றும் துரத்தியவன் அவனேதான். மறைந்த தீர்க்கதரிசி சாமுவேலை எழுப்புமாறு அவளைக் கேட்கின்றான். மண்ணினுள்ளிருந்து போர்வை போர்த்த முதியவர் ஒருவர் ஏறி வருகின்றார். தம்மைத் தொந்தரவு செய்தது ஏன் என்று கடிந்துகொள்கின்றார். பின்னர், நாளை நீயும் உன் மக்களும் என்னோடு இருப்பீர்கள் என்னும் கருத்துப்பட உரைக்கின்றார். இவ்விறுதிச் செய்தி நோக்கற்பாலது. இறைவனுக்கு உகந்த தீர்க்கதரிசியும் இறைவன் கைவிட்ட மன்னனும் சென்று சேரும் இடம் ஒன்றே. சாமுவேல் மேலிருந்து இறங்கி வந்தாரல்லர். கீழிருந்து ஏறி வந்தார்.

அண்டை நாடான எகிப்து, மறுமை வாழ்வுக்கென்றே மலைபோற் கல்லறைகளை எழுப்பி, உடல்களைப் பதப்படுத்தி, இறந்தவனின் நெஞ்சைத் தராசில் நிறுக்கும் தெய்வங்களைச் சுவரில் தீட்டிய நாடு. அந்நாட்டு அடிமைத்தளையினின்றும் மீண்டவர்கள் தாங்கள் என்று தம் வரலாற்றை ஓதிய இஸ்ரவேலர், மறுமைபற்றி இத்துணை வாளாவிருந்தது வியப்பாகத் தோன்றலாம். அவ்வமைதி அறியாமையால் வந்ததன்று என்றே கொள்ளவேண்டும். இறந்தாரைக் குறிகேட்டலையும், இறைவனுக்குரிய காணிக்கையினின்றும் இறந்தார்க்குப் படைத்தலையும் உபாகம நூல் விலக்குகின்றது. இறந்தாரைத் தெய்வமாக்கும் வழியை அடைத்தவர்கள் இறந்தாரைப்பற்றிப் பேசுவதையும் சுருக்கிக்கொண்டனர். மேலும், இறைவன் தன் அடியார்க்கு வாக்களித்த நலன்கள் யாவும் இம்மைக்குரியவை. நீண்ட வாழ்நாள், மக்கட்பேறு, விளைநிலம், அழியாப் பெயர் என்பனவே அவை. ஒருவன் மாண்டாலும் அவன் குடி வாழும். அதுவே அவன் வாழ்வு. நம் புறநானூற்றுப் புலவர் புகழுடம்பு பேசியதை அறிந்த தமிழாசிரியர்க்கு இந்நிலை புரியாததன்று.

இவ்வொழுங்கில் ஒரு பிளவு இருந்தது. இம்மையிலேயே நல்லவன் வாழ்வான், தீயவன் கெடுவான் என்றால், நேர்மாறாக நடப்பதைக் கண்ணாற் காண்பவன் என் செய்வான்? யோபு நூல் முழுவதும் இக்கேள்விதான். வெட்டுண்ட மரம் நீரின் வாடைபட்டுத் துளிர்க்கும், மனிதன் அவ்வாறு துளிர்ப்பதில்லையே என்று யோபு ஏங்குகின்றார். அந்நூலின் 19 ஆம் அதிகாரத்தில் உயிர்த்தெழுதல் குறிக்கப்படுகின்றது என்று பிற்காலத்தார் பலர் கொண்டனர். ஆயினும் அவ்விடத்து எபிரேய மூலம் சிதைந்திருத்தலின், அதன்மேல் எதனையும் கட்டுதல் பொருந்தாது. கி.மு. 180 அளவில் எருசலேமில் வாழ்ந்த பென் சீராக் என்னும் ஆசிரியரும், இறந்தார் மீள்வதில்லை என்றே தம் மாணாக்கர்க்குக் கற்பித்தார்.

கி.மு. 586 அளவில் பாபிலோனியர் எருசலேமை அழித்து மக்களைச் சிறைகொண்டு சென்றனர். அங்கே எசேக்கியேல் கண்ட காட்சி பெயர்பெற்றது: ஒரு பள்ளத்தாக்கு முழுதும் உலர்ந்த எலும்புகள், அவை ஒன்றோடொன்று பொருந்தி, நரம்பும் தசையும் தோலும் பெற்று, காற்று உட்புக எழுந்து நிற்கின்றன. இதனைத் தனிமனிதர் உயிர்த்தெழுதலாகப் படித்தல் பிற்கால வழக்கு. அவ்வெலும்புகள் இஸ்ரவேல் வீட்டார் என அந்நூலே பொருளும் கூறிவிடுகின்றது. நாடிழந்த மக்கள் நாடு திரும்புவர் என்பதே அங்குச் சொல்லப்படுவது. ஆயினும் ஒருமுறை தீட்டிய ஓவியம் தீட்டியவர் கருத்தோடு நின்றுவிடுவதில்லை. சிரியாவில் யூப்ரட்டீஸ் ஆற்றங்கரையிலிருந்த தூரா எனும் ஊரில், கி.பி. 244 அளவில் அணிசெய்யப்பெற்ற யூதர் தொழுகைக் கூடம் ஒன்று 1932 இல் அகழ்ந்தெடுக்கப்பட்டது. அதன் சுவரில் சிதறிய தலைகளும் கைகால்களும் ஒன்றுகூடி எழும் இக்காட்சி தீட்டப்பெற்றுள்ளது. அதனை வரைவித்தோர் காலத்தில் அவ்வெலும்புகள் உண்மை எலும்புகளாகிவிட்டன.

அம்மாற்றத்தை விளைத்த காலம் கி.மு. 2 ஆம் நூற்றாண்டு. சிரியாவை ஆண்ட கிரேக்க மன்னன் நான்காம் அந்தியோக்கஸ், எப்பிபானஸ் என்னும் பட்டம் பூண்டவன், கி.மு. 175 முதல் 164 வரை அரசாண்டான். கி.மு. 167 இல் எருசலேம் ஆலயத்துப் பலிபீடத்தின்மேல் வேற்றுப் பீடம் ஏற்றப்பட்டது. விருத்தசேதனம், ஓய்வுநாள், மறைநூல் ஆகியவற்றைக் கைக்கொள்வது மரணதண்டனைக்குரிய குற்றமாயிற்று. குழந்தைக்கு விருத்தசேதனம் செய்வித்த தாய்மாரை, அக்குழந்தையைக் கழுத்திலே தொங்கவிட்டுக் கொன்றனர் என்று மக்கபேயர் முதல் நூல் கூறுகின்றது. யோபுவின் துன்பத்திற்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. யோபு நல்லவராயிருந்தும் துன்புற்றார். இவர்களோ நல்லவராயிருந்தமையாலேயே மாண்டனர். சட்டத்தைக் கைவிட்டவன் பிழைத்தான். காத்தவன் மகப்பேறுமின்றி, நிலமுமின்றி, இளமையிலேயே வெட்டுண்டான். நீண்ட வாழ்நாள் நல்லோர்க்குப் பரிசு என்ற பழைய விடை இங்கே முற்றும் செயலிழந்தது. சேயோலின் புழுதியில் கொன்றவனும் கொல்லப்பட்டவனும் ஒன்றாய்க் கிடப்பரேல், இறைவன் நீதியுள்ளவன் எனல் யாங்ஙனம்?

தானியேல் நூலின் 12 ஆம் அதிகாரம் இதற்கு விடை கூறுகின்றது. மண்ணின் புழுதியில் உறங்குவோரில் பலர் விழித்தெழுவர். சிலர் நிலைவாழ்வுக்கும், சிலர் நிலையான இகழ்ச்சிக்கும் எழுவர் என்பது அதன் கருத்து. எபிரேய மறை முழுவதிலும் இறந்த தனிமனிதர் எழுவர் என்பதை ஐயத்திற்கிடமின்றிக் கூறும் இடம் இஃதொன்றே என்பர் ஆராய்ச்சியாளர். ஏசாயா நூலின் 26 ஆம் அதிகாரத்திலும் மாண்டோர் எழுவர் என வருமாயினும், அது நாட்டின் மீட்சியைக் குறித்ததோ மக்களைக் குறித்ததோ என்பதில் கருத்துவேற்றுமை உண்டு. தானியேல் நூல் பாபிலோனியர் காலத்துக் கதைமாந்தரைக் கொண்டதேயெனினும், அதன் இறுதிப் பகுதிகள் கி.மு. 165 அளவில் எழுந்தன என்று கணிக்கப்படுகின்றது. அக்கணிப்புக்கு அடிப்படை சுவையானது. 11 ஆம் அதிகாரம் சிரிய மன்னர், எகிப்திய மன்னர் போர்களைப் பிழையின்றி வரிசையாகக் கூறிவந்து, அந்தியோக்கஸின் முடிவைக் கூறுமிடத்துத் தவறுகின்றது. அவன் யூதர் நாட்டில் மடிவான் என்கிறது நூல். அவன் மாண்டதோ பாரசீகப் பகுதியில், கி.மு. 164 இல். ஆகவே நூலாசிரியர் அச்செய்தி வருமுன் எழுதினார் என்பது தெளிவு. கொடுமை ஓயாதிருந்த நாளில், அதனிடையே இருந்தவர் எழுதிய சொற்கள் அவை. 'பலர்' என்றாரேயன்றி 'அனைவர்' என்றாரல்லர் என்பதும் குறிக்கத்தக்கது. நீதி எவரிடத்துப் பெரிதும் பிழைபட்டதோ அவரே எழவேண்டும். ஏனையோர் எழுதல் அவர் கவலையன்று.

இக்கொள்கையின் உயிர்த்துடிப்பைக் காணவேண்டின் மக்கபேயர் இரண்டாம் நூலின் 7 ஆம் அதிகாரத்தைப் படித்தல் வேண்டும். சிரேனே ஊர் யாசோன் என்பார் ஐந்து பகுதிகளாக எழுதிய வரலாற்றைச் சுருக்கிய கிரேக்க நூல் அது. கத்தோலிக்கரும் கீழைத் திருச்சபையாரும் அதனை மறைநூலாகக் கொள்வர்; சீர்திருத்தச் சபையார் கொள்வதில்லை. பன்றியிறைச்சி உண்ண மறுத்த எழுவர் உடன்பிறந்தார் மன்னன்முன் ஒருவர்பின் ஒருவராக வதைக்கப்படுகின்றனர். தாய் நின்று பார்க்கின்றாள். மூன்றாமவன் நாவையும் கைகளையும் தானே நீட்டி, இவற்றை வானகத்திடமிருந்து பெற்றேன், மீண்டும் அங்கிருந்தே பெறுவேன் என்கின்றான். ஈண்டுப் பேசப்படுவது ஆன்மா அன்று. வெட்டப்படும் கையும் நாவுமே. எதனை அரசன் பறித்தானோ அதனையே இறைவன் திருப்பித் தரல்வேண்டும். தாய் கூறுவது இன்னும் ஆழமானது. நீங்கள் என் வயிற்றில் எவ்வாறு உருவானீர்கள் என்பதை நான் அறியேன். உறுப்புகளை இணைத்தவள் நானல்லேன். அதனைச் செய்தவனே திரும்பவும் செய்வான் என்பது அவள் வாதம். பிறப்பின் மறைபொருளையே மறுபடி எழுதலுக்குச் சான்றாக்கிய இத்தாயின் பேச்சைத் தத்துவ நூல்கள் பலவற்றினும் மேலாக மதிக்கலாம். நான்காம் மகனோ, உயிர்த்தெழுதல் உனக்கு இல்லை என்று மன்னனிடமே கூறி மடிகின்றான்.

அதே கொடுமைக்காலத்தை விரித்துரைக்கும் மக்கபேயர் முதல் நூலில் உயிர்த்தெழுதல்பற்றி ஒரு சொல்லும் இல்லை. அந்நூலின்படி, கிளர்ச்சிக்கு வித்திட்ட முதியவர் மத்தத்தியா இறக்கும் தறுவாயில் தம் மைந்தர்க்கு வாக்களிப்பது நிலைத்த புகழும் பெயருமே. பழைய விடை ஒரே நாளில் மறைந்துவிடவில்லை.

இக்கருத்தைப் பாரசீகச் சமயத்தினின்றும் யூதர் பெற்றனர் என்பாரும் உளர். சரத்துஸ்திரர் நெறியிலும் இறுதிநாளில் மாண்டோர் எழுதல் உண்டு. யூதர் இரு நூற்றாண்டுகள் பாரசீகர் ஆட்சியின்கீழ் இருந்தனர். ஆயின் அந்நெறியின் கொள்கையை விரிவாகக் கூறும் பகலவி நூல்கள் மிகப் பிற்காலத்தன. தொடர்பு இருந்திருக்கலாம், அளவு கூறல் அரிது. இதற்கு மறுதலையாக, 2006 இல் வெளிவந்த தம் நூலில் யோன் லெவன்சன் என்னும் யூத அறிஞர், இந்நம்பிக்கை இஸ்ரவேலரின் பழைய சமயத்திலேயே வேரூன்றியது என வாதிட்டார். மலடிக்கு மகவு அளித்தல், சூனேம் ஊர்ப் பெண்ணின் இறந்த மகனை எலிசா எழுப்புதல், அழிந்த குடி மீண்டும் தழைத்தல் ஆகியவற்றில் எல்லாம் சாவை வெல்லும் இறைவனே பேசப்படுகின்றான் என்பது அவர் கருத்து. அது ஏற்கத்தக்கதே. ஆயினும் வேர் பழமையானதாயினும் தளிர் விட்ட பருவம் அந்தியோக்கஸின் காலமே என்பதை அவர் வாதம் மறுப்பதாகாது.

தளிரும் ஒருவகையினதன்று. ஏனோக்கு நூல் இறந்தோர் ஆவிகள் தீர்ப்புநாள்வரை காத்திருக்கும் குகைகளை வேறுவேறாகப் பிரித்துக் காட்டுகின்றது; நல்லோர் குகையில் நீரூற்றும் ஒளியும் உண்டு. எகிப்தின் அலெக்சாந்திரியாவில் எழுந்ததெனக் கருதப்படும் சாலமோனின் ஞானம் என்னும் கிரேக்க நூல், நீதிமான்களின் ஆன்மாக்கள் இறைவன் கையில் உள்ளன என்று அழியா உயிரைப் பேசும். 1947 முதல் கும்ரான் குகைகளிற் கிடைத்த சுவடிகளுள் ஒன்று, மெசியாவின் காலத்தில் மாண்டோர் உயிர்பெறுதலைக் குறிக்கின்றது.

இயேசுவின் காலத்தில் இது கட்சிப் பூசலாகவே இருந்தது. ஆலய நிருவாகத்தைக் கையில் வைத்திருந்த சதுசேயர் உயிர்த்தெழுதலை மறுத்தனர், பரிசேயர் ஏற்றனர். வரலாற்றாசிரியர் யோசேப்பஸ், பரிசேயர் நம்பிக்கையை விளக்குமிடத்து நல்லோர் உயிர் வேறோர் உடலிற் புகும் என்கிறார். இதனைப் படிக்கும் தமிழர் மறுபிறப்பு என்று கொள்ளல் கூடும். கிரேக்க, ரோமப் படிப்பாளிகளுக்கு விளங்கும்பொருட்டு அவர் அங்ஙனம் எழுதினார் என்பதே பொருந்தும். பரிசேயர் எதிர்நோக்கியது மீண்டும் மீண்டும் பிறத்தலை அன்று. ஒரு நாள், ஒரே முறை எழுதலை.

மாற்கு நூலின் 12 ஆம் அதிகாரத்தில் சதுசேயர் இயேசுவிடம் தொடுக்கும் வினா, நகைப்பதற்கென்றே புனைந்தது. எழுவர் உடன்பிறந்தார், மூத்தவன் மகவின்றி இறக்க, வழக்கப்படி அவன் மனைவியை இளையவன் மணக்கின்றான், இவ்வாறே எழுவரும் மணந்து மடிகின்றனர். உயிர்த்தெழுதலில் அவள் யார் மனைவி? மக்கபேயர் நூலில் எழுவர் இந்நம்பிக்கையோடு மாண்டனர். இங்கே எழுவரைக் கொண்டே அந்நம்பிக்கை எள்ளப்படுகின்றது. இயேசுவின் விடையில் தானியேல் நூல் வரவில்லை. சதுசேயர் மோசேயின் நூல்களையே தலையாய சான்றாக மதித்தனராதலின், எரியும் முட்செடியிலிருந்து இறைவன் தன்னை ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு என்பார்தம் கடவுளென அறிவித்த இடத்தையே அவர் எடுத்துக்காட்டுகின்றார். கடவுள் உயிருள்ளோர்க்கே கடவுள். ஆகவே அம்மூவரும் அவருக்கு இழப்பாகார். எழுந்தோர் மணஞ்செய்வதில்லை என்றும் கூறுகின்றார்.

புதிய ஏற்பாட்டில் இப்பொருள்பற்றி விரிவாக எழுதப்பெற்ற மிகப் பழைய பகுதி, பவுல் கொரிந்து நகரத்தார்க்கு கி.பி. 54 அளவில் வரைந்த முதல் திருமுகத்தின் 15 ஆம் அதிகாரம். நற்செய்தி நூல்கள் நான்கிற்கும் முற்பட்டது அது. உயிர்த்த இயேசுவைக் கண்டோர் வரிசை ஒன்றைத் தாம் பிறரிடமிருந்து பெற்றதாகக் கூறி அதனைத் தருகின்றார். கேபா, பன்னிருவர், ஐந்நூற்றுக்கு மேற்பட்டோர், யாக்கோபு எனச் செல்லும் அவ்வரிசையில் பெண்கள் பெயர் இல்லை. நற்செய்தி நூல்களிலோ கல்லறைக்கு முதலில் சென்றோர் பெண்களே.

கொரிந்தில் பவுலுக்கு எதிர்நின்றோர் மறுமை இல்லை என்றவர் அல்லர் போலும். உடல் எழுதலையே அவர் மறுத்திருத்தல் வேண்டும். கிரேக்கக் கல்வி பெற்றார்க்கு உடல் ஒரு சிறை. சிறையினின்றும் விடுபட்டவன் அதனுள் மீளப் புக விரும்புவானோ? ஏதென்சில் பவுல் பேசியபோது, இறந்தோர் எழுதல் என்றவுடன் சிலர் நகைத்தனர் என்று அப்போஸ்தலர் வரலாறு கூறும். எழுதல் எனப் பொருள்படும் 'அனஸ்தாசிஸ்' என்னும் சொல்லை ஒரு பெண் தெய்வத்தின் பெயராகவே அந்நகரத்தார் கருதினர் என்பார் 4 ஆம் நூற்றாண்டின் யோவான் கிறிசோஸ்தோம். பவுல் விதையை உவமை காட்டுகின்றார். விதைப்பது ஒன்று, முளைத்தெழுவது வேறு, ஆயினும் அதுவே இது. புதைக்கும் உடல் அழிவுக்குரியது. எழும் உடல் ஆவிக்குரியது. 'ஆவிக்குரிய உடல்' என்பது கிரேக்கர்க்கு முரண்போல் ஒலித்திருக்கும். பவுல் அதனைக் கைவிட்டாரல்லர்.

1955 இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஆஸ்கார் குல்மன் ஆற்றிய சொற்பொழிவு இவ்விடத்து நினைக்கத்தக்கது. சாக்ரடீசு அமைதியாக நஞ்சருந்தினார். இயேசுவோ கெத்சமனித் தோட்டத்தில் நடுங்கினார். முன்னவர்க்குச் சாவு நண்பன், பின்னவர்க்குப் பகைவன். ஆகவே ஆன்மாவின் அழியாமை வேறு, உயிர்த்தெழுதல் வேறு என்றார் அவர். அவர்மீது திருச்சபையாரிற் பலர் சினந்தனர். 1972 இல் நிக்கல்ஸ்பர்க் என்பார் அக்காலத்து யூத நூல்களை ஆராய்ந்து, இரு கருத்துகளும் யூதரிடையே கலந்தே இருந்தன என்று காட்டினார். குல்மன் இட்ட கோடு சற்றே மிகையானது. எனினும் கோடு இடவேண்டிய இடம் அதுவே.

சொற்கள் இவ்வேற்றுமையை மறைத்தமையும் உண்டு. எபிரேய மறையைக் கிரேக்கத்தில் பெயர்த்தோர் சேயோலை 'ஹேடீஸ்' என்றனர். அச்சொல் கிரேக்கக் கதைகளையும் உடன் கொணர்ந்தது. இயேசு கூறும் 'கெகென்னா' இதனின் வேறானது. எருசலேமின் தெற்கேயுள்ள இன்னோம் பள்ளத்தாக்கின் பெயர் அது. பண்டு குழந்தைகளைத் தீயில் பலியிட்ட இடம். யோசியா மன்னன் அதனைத் தீட்டுப்படுத்தி ஒழித்தான். அங்கு ஊர்க்குப்பை ஓயாது எரிந்தது என்று சொற்பொழிவாளர் கூறும் செய்தி கி.பி. 1200 அளவில் வாழ்ந்த தாவீது கிம்கியின் உரையில் காணப்படுவது. பழைய சான்று இல்லை. ஆங்கிலத்தில் 1611 ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பு, சேயோலைச் சில இடங்களில் கல்லறை என்றும் ஏறத்தாழ அத்துணை இடங்களில் நரகம் என்றும் பெயர்த்து, படிப்போரை மயக்கிற்று. 1871 இல் முழுமையாக வெளிவந்த தமிழ் மொழிபெயர்ப்பு இவ்வகையில் மேலானது. சேயோலுக்கும் ஹேடீசுக்கும் 'பாதாளம்', கெகென்னாவுக்கு 'நரகம்' என அது பெரும்பாலும் பிரித்தே வைத்தது. பாதாளம் என்றவுடன் கீழேழ் உலகமும் நாகரும் நினைவுக்கு வருதல் தவிர்க்க இயலாததே. 'உயிர்த்தெழுதல்' என்னும் தொடரோ மூலத்தைக் காட்டிலும் ஒரு சொல் மிகுதியுடையது. அனஸ்தாசிஸ் என்பதில் எழுதல் மட்டுமே உண்டு; உயிர்த்தல் தமிழ் சேர்த்தது.

மாற்கு நற்செய்தியின் முடிவு இவ்வரலாற்றில் தனியிடம் பெறும். கி.பி. 70 அளவில் எழுந்ததாகக் கருதப்படும் அந்நூல், 4 ஆம் நூற்றாண்டுச் சுவடிகளான சினாயிச் சுவடியிலும் வத்திக்கான் சுவடியிலும் 16 ஆம் அதிகாரத்தின் 8 ஆம் வசனத்தோடு நின்றுவிடுகின்றது. பெண்கள் கல்லறையினின்றும் ஓடுகின்றனர். அச்சத்தால் ஒருவரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. அவ்வளவே. உயிர்த்த இயேசுவைக் கண்ட காட்சிகளைக் கூறும் பன்னிரு வசனங்கள் பிற்காலத்தார் சேர்த்தவை. லூக்காவும் யோவானும் அஞ்சாது உடலையே முன்வைக்கின்றனர்: லூக்காவில் எழுந்தவர் மீன் உண்கின்றார், யோவானில் தோமா தொட்டுப் பார்க்க அழைக்கப்படுகின்றார். அவர் காட்டுவது தழும்பு மாறாத உடலையே.

பின்வந்தோர்க்கும் இது ஏட்டுச் செய்தியாக நின்றதில்லை. கி.பி. 177 இல் காலியா நாட்டு லியோன் நகரில் கிறித்துவர் பலர் கொல்லப்பட்டனர். அந்நகரத்துத் திருச்சபையார் எழுதிய மடலை வரலாற்றாசிரியர் யூசேபியஸ் காத்துத் தந்துள்ளார். கொன்றவர்கள் பிணங்களை ஆறு நாள் வெட்டவெளியில் கிடத்தி, பின்னர் எரித்து, சாம்பலை ரோன் ஆற்றில் கரைத்துவிட்டனர். உயிர்த்தெழும் நம்பிக்கை இவர்க்கு இல்லாதொழிய வேண்டும். அந்நம்பிக்கையால்தான் இவர்கள் சாவை மகிழ்ந்து ஏற்கின்றனர் என்பது அவர் கூறிய காரணம். அந்தியோக்கஸின் முன்னே கையை நீட்டிய மூன்றாம் மகனின் பேச்சை அவர்கள் சரியாகவே விளங்கிக்கொண்டிருந்தனர்.  உடலைப் புதைத்தலே கிறித்துவர் வழக்காக நிலைத்தது. 1886 இல் ரோமத் திருச்சபை பிணஞ்சுடுதலை வெளிப்படையாகத் தடைசெய்தது. உயிர்த்தெழுதலை மறுக்கும் நோக்கமின்றிச் செய்யின் தடையில்லை என 1963 இல் அத்தடையைத் தளர்த்திற்று.